அத்துமீறி நுழைதல்: கால் வைத்தது குற்றமா, மனதில் வைத்தது குற்றமா?

புறநகர்ப் பக்கம் காலி மனைகளைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரு தகரப் பலகை மாட்டியிருப்பார்கள். "இது தனியாருக்குச் சொந்தமான இடம். அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே ஒரு போன் நம்பர், அதுவும் வெயிலில் பாதி அழிந்து கிடக்கும். அந்தக் கம்பிக்குள் பந்து போய் விழுகிறது. ஒரு பையன் குனிந்து நுழைந்து எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான். அவன் குற்றம் செய்துவிட்டானா? பலகையைப் படித்தால் ஆமாம். சட்டத்தைப் படித்தால் இல்லை.

இங்கிலாந்தில் இந்த மாதிரிப் பலகையை வக்கீல்கள் 'மரப்பலகைப் பொய்' என்றே கிண்டலடிப்பார்கள். அங்கே அடுத்தவர் நிலத்தில் சும்மா கால் வைப்பது பொதுவாக உரிமையியல் தவறுதான், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமே தவிர ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. நம் ஊர்ச் சட்டம் அதிலிருந்து கொஞ்சம் விலகி, நுழைவதோடு ஒரு கெட்ட நோக்கமும் சேர்ந்தால் குற்றம் என்று வைத்தது. குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. வாடகை வீட்டுப் பூட்டை உடைத்த வீட்டுக்காரர், ராத்திரி சுவர் ஏறிய திருடன், ஆபீசுக்குள் உட்கார்ந்து கோஷம் போட்டவர்கள், நாடாளுமன்றத்தில் குதித்தவர்கள் என்று எல்லாருக்கும் செய்தியில் ஒரே வரிதான் வருகிறது: "அத்துமீறி நுழைந்ததாக வழக்கு." அந்த ஒரே வரிக்குள் மூன்று மாதத் தண்டனையும் உண்டு, ஆயுள் தண்டனையும் உண்டு.

சட்டம் என்ன கேட்கிறது?

1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 441 முதல் 462 வரை இந்த விஷயம்தான். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதில் எல்லாவற்றையும் 329 முதல் 334 வரை சுருக்கிவிட்டார்கள். நம்பர்தான் பெரிதாக மாறியிருக்கிறது, உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட அதேதான். கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய வீடு புகுதல் பிரிவின் நம்பரை வைத்து "448 போட்டுட்டாங்க" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

அடிப்படைக் குற்றத்தின் வரையறையைப் பிரித்தால் மூன்று துண்டு கிடைக்கும். மூன்றும் இருந்தால்தான் குற்றம்.

1. இன்னொருவர் சுவாதீனத்தில் இருக்கும் சொத்தாக இருக்க வேண்டும். 'இன்னொருவருக்குச் சொந்தமான' என்று சட்டம் சொல்லவில்லை, கவனிக்கவும்.
2. அதற்குள் நுழைந்திருக்க வேண்டும், அல்லது முறைப்படி நுழைந்துவிட்டு, இருக்க உரிமை இல்லாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.
3. ஒரு குற்றம் செய்யும் நோக்கமோ, சுவாதீனத்தில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கமோ இருந்திருக்க வேண்டும்.

பந்து எடுக்கப் போன பையனிடம் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது இல்லை.

பத்திரம் யார் பேரில் என்பது கேள்வியே இல்லை

முதல் துண்டில்தான் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். நம் பத்திரங்களிலேயே 'சுவாதீனம்' என்ற சொல் வரும். சொத்து இப்போது யார் கையில், யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். பட்டா, பத்திரம், வரி ரசீது எல்லாம் அண்ணன் பேரில் இருக்கலாம், வீட்டுக்குள் வாடகைக்குக் குடியிருப்பது வேறொருவராக இருக்கலாம். இந்தக் குற்றத்துக்குச் சட்டம் பார்ப்பது குடியிருப்பவரை.

வாடகை மூன்று மாசம் பாக்கி. வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்தார். குடியிருப்பவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தன்னிடம் இருக்கும் இன்னொரு சாவியால் கதவைத் திறந்து, கேஸ் அடுப்பையும் பாத்திரங்களையும் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவில் புதுப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் போகிறார். போலீஸ் கூப்பிட்டால் அவர் சொல்லும் முதல் வாக்கியம் எல்லாருக்கும் தெரியும்: "சார், இது என் வீடு. என் வீட்டுக்குள்ள நான் போனா தப்பா?" தப்புதான். வீடு அவருடையது, சுவாதீனம் குடியிருப்பவருடையது. மிரட்டி விரட்டுவதற்காக நுழைந்தார் என்று காட்ட முடிந்தால், சொந்த வீட்டுக்குள்ளேயே அத்துமீறி நுழைந்த ஆளாகிவிடுவார். பூட்டைத் திறந்து புகுந்ததால் அதைவிடப் பெரிய பிரிவும் வரலாம், அது கொஞ்சம் கீழே.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, பழுது பார்க்க, வீட்டைப் பார்வையிட என்று நியாயமான காரணத்துக்காக உள்ளே வருவதற்குக்கூட வீட்டுக்காரர் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அது மெதுவாக நகரும் என்று வீட்டுக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு, ஆனால் அந்த அலுப்பு புதுப் பூட்டு போடும் உரிமையைத் தந்துவிடாது.

இதன் மறுபக்கம்: வாடகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் மீது அத்துமீறல் வழக்குப் போட முடியுமா? பொதுவாக முடியாது. அவர் முறைப்படி உள்ளே வந்தவர், சுவாதீனமும் அவரிடமே இருக்கிறது. அது உரிமையியல் தகராறு. உத்தரப் பிரதேசம் 1961-ல் பழைய 441-ஐ மாநில அளவில் திருத்தி, அனுமதியில்லாமல் நுழைந்து நோட்டீஸ் கொடுத்தும் வெளியேறாதவர்களையும் உள்ளே இழுத்துப் போட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை.

திருமணமான பெண் புகுந்த வீட்டுக்குள் போவதை 'அத்துமீறல்' என்று மாமியார் வீட்டார் புகார் எழுதுவதும் நடக்கிறது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொத்தில் பங்கு இருக்கிறதோ இல்லையோ, கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் புகார் நிற்பது கஷ்டம்.

நோக்கம்: வழக்குகள் இங்கேதான் விழுகின்றன

தொல்லை தருவது நோக்கமாக இருக்க வேண்டும் என்றால், தொல்லை ஆகும் என்று தெரிந்தே நுழைந்தால் போதாதா? இந்தக் கேள்வியில் உயர் நீதிமன்றங்கள் ரொம்ப காலம் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. மாத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களில் முடிச்சை அவிழ்த்தது. எதிராளிக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தது மட்டும் போதாது, அந்த எரிச்சலைக் கொடுப்பதே நுழைந்ததன் குறியாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும்; மனசுக்குள் இருப்பதை நேரடியாகக் காட்ட முடியாது என்பதால் சூழ்நிலைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று சொன்னது.

இதை நடைமுறையில் இப்படிப் புரிந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் அந்த இடம் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி, உங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து தென்னங்கன்று நடுகிறார். உங்களுக்கு ரத்தம் கொதிக்கும், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் குறி மரம் வைப்பது, உங்களைக் கொதிக்க வைப்பது இல்லை. இது எல்லைத் தகராறு. சர்வேயரை வைத்து அளந்து சிவில் கோர்ட்டில் தீர்க்க வேண்டியது. அதே ஆள் ராத்திரி நான்கு பேரோடு வந்து வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டி, கேட்டைத் தள்ளிக்கொண்டு முற்றம் வரை வந்தால், அவர் எதற்கு வந்தார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேலைநிறுத்தம் பற்றிய ஒரு தீர்ப்பும் இங்கே முக்கியம். பஞ்சாப் நேஷனல் வங்கி ஊழியர்கள் வங்கிக்குள் வந்து அவரவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பேனாவைத் தொட மறுத்தார்கள். நிர்வாகம் இதை அத்துமீறல் என்றது. 1959-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவர்கள் நோக்கம் கோரிக்கையை வலியுறுத்துவது, அதிகாரிகளை அவமதிப்பதோ தொல்லைப்படுத்துவதோ நோக்கமாக நிரூபணமாகவில்லை என்றது. ஆர்ப்பாட்டம் செய்பவர்கள் மீது இந்தப் பிரிவை அள்ளிப் போடும்போதெல்லாம் வக்கீல்கள் இதை எடுத்து நீட்டுவார்கள்.

வந்தது சரி, போகாததுதான் தப்பு

இரண்டாவது துண்டின் பின்பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கதவைத் தட்டி, "வாங்க" என்று நீங்களே சொல்லி உள்ளே வந்தவர்கூட அத்துமீறியவராக மாறலாம்.

மைக்ரோ பைனான்ஸ் தவணை வசூலிக்க வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார், தண்ணீர்கூடக் கொடுக்கிறார். இதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. "இன்னைக்குப் பணம் இல்ல தம்பி, வெள்ளிக்கிழமை வாங்க" என்கிறார். வசூலிக்க வந்தவர் எழுந்திருக்கவில்லை. "பணம் வராம நான் நகர மாட்டேன், தெருவே பார்க்கட்டும்" என்று சத்தம் போட ஆரம்பிக்கிறார். "வெளியே போங்க" என்று சொல்லியும், மிரட்டவோ அவமானப்படுத்தவோ அவர் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால், அந்த இடத்தில் குற்றம் தொடங்குகிறது. வசூல் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் தனியாக இருக்கின்றன, கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. அவையெல்லாம் வருவதற்கு முன்பும், 1862 முதலே, இந்த வரி சட்டத்தில் இருந்துகொண்டுதான் இருந்தது. அதை நீட்டிக் காட்டியவர்கள் குறைவு.

2023 டிசம்பர் 13 அன்று மக்களவையில் பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் கீழே குதித்து மஞ்சள் புகை விட்டது நினைவிருக்கும். அவர்கள் சுவர் ஏறி வரவில்லை, முறைப்படி பாஸ் வாங்கி வந்து மாடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டப் பிரிவுகளோடு, தாக்க ஆயத்தம் செய்துகொண்டு வீடு புகுவதற்கான பழைய 452-உம் வழக்கில் சேர்க்கப்பட்டது. பாஸ் இருந்ததே, அப்புறம் எப்படி அத்துமீறல் என்று அப்போது பலர் கேட்டார்கள். அனுமதிக்கு ஒரு எல்லை உண்டு: மாடத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் பாஸ், சபைக்குள் இறங்க இல்லை.

வீடு என்றால் கணக்கே வேறு

காலி நிலத்துக்கும் வீட்டுக்கும் சட்டம் ஒரே எடை போடுவதில்லை. மனிதர் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், கப்பல் அல்லது படகு, வழிபாட்டுத் தலம், பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடம் இவற்றுக்குள் மேலே சொன்ன குற்றத்தைச் செய்தால் அது வீடு புகுதல் என்ற அடுத்த படிக்கு ஏறுகிறது. முழு ஆளும் உள்ளே போக வேண்டும் என்றுகூட இல்லை. உடம்பின் ஏதாவது ஒரு பகுதி போனாலே நுழைந்ததாகக் கணக்கு.

சித்திரை மாத வெக்கையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறீர்கள். ஜன்னல் திண்டில் போன் சார்ஜில் கிடக்கிறது. வெளியிலிருந்து ஒரு கை கம்பிக்குள் வந்து போனை எடுக்கிறது. அந்தக் கை மணிக்கட்டு வரைதான் வந்தது, ஆனாலும் ஆள் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்றே சட்டம் பார்க்கும். அதே ஆள் கையை வெளியே வைத்துக்கொண்டு, கம்பு நுனியில் கொக்கி மாட்டிச் சட்டையை இழுத்தால்? சட்டத்தின் விளக்கம் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறது, கம்பைப் பற்றிப் பேசவில்லை. திருட்டு வழக்கு அதனால் தப்பாது என்பது வேறு விஷயம்.

இதற்கு மேலே இரண்டு வகை. ஒன்று மறைந்து புகுதல், அதாவது வந்ததை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்துக்கொண்டு புகுவது. இன்னொன்று வீடு உடைத்துப் புகுதல். 'உடைத்து' என்றவுடன் கடப்பாரைதான் ஞாபகம் வரும், ஆனால் சட்டம் ஆறு வழிகளைச் சொல்கிறது, அவற்றில் பாதியில் எதுவுமே உடைவதில்லை. ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பது, உள்ளே வரும்போதோ வெளியே போகும்போதோ வாசலில் ஒருவரைத் தாக்குவது, பூட்டைத் திறப்பது எல்லாம் இதில் அடங்கும். நீங்கள் தொலைத்த சாவி ஒருவனுக்குத் தெருவில் கிடைக்கிறது, அதை வைத்துப் பூட்டைச் சேதமில்லாமல் திறந்து உள்ளே வருகிறான். அது வீடு உடைத்தல் என்று சட்டமே உதாரணம் சொல்கிறது. வீட்டுக்காரரின் இன்னொரு சாவிக் கதையை இங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

அந்த உதாரணங்களில் இன்னொன்று, சுவரில் ஓட்டை போட்டுக் கையை விடுவது. நம் பக்கம் இதற்குப் பழைய பேரே உண்டு: கன்னம் வைத்தல். அதற்கென்றே கன்னக்கோல் என்று ஒரு கருவி. மண்சுவர் போய் கான்கிரீட் வந்து, இன்று சுவரில் ஓட்டை போடுபவர் யாரும் இல்லை என்றே சொல்லலாம், ஆனாலும் காவல்துறைத் தமிழில் பூட்டை உடைத்துத் திருடினாலும் அது கன்னக்களவுதான்.

தண்டனை எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். எல்லாம் புதுச் சட்டப்படி, அதிகபட்ச அளவு:

1. வெறும் அத்துமீறல், 329(3): 3 மாதம், அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய்.
2. வீட்டுக்குள் என்றால், 329(4): ஓராண்டு.
3. மறைந்தோ உடைத்தோ புகுந்தால் 2 ஆண்டு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் 3 ஆண்டு.
4. அப்படிப் புகுந்ததே திருடுவதற்காக என்றால் பகலில் 10 ஆண்டு, இரவில் 14 ஆண்டு.
5. அடிக்கவோ தாக்கவோ ஆயத்தம் செய்துகொண்டு வீடு புகுந்தால், 333-ன் கீழ் 7 ஆண்டு. பழைய 452 இதுதான்.
6. மரண தண்டனைக்குரிய குற்றம் செய்யும் நோக்கத்தோடு புகுந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். கொலை நடந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

இரவில் கூட்டாகப் புகுந்து அதில் ஒருவன் வீட்டாரைக் கொன்றாலோ கொடுங்காயப்படுத்தினாலோ கொல்ல முயன்றாலோ, சேர்ந்து புகுந்த எல்லாருக்கும் ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். "நான் வாசல்ல காவலுக்குத்தான் நின்னேன்" என்பது இங்கே எளிதில் எடுபடாது.

நோக்கமே கேட்காத இடங்கள்

ரயில் தண்டவாளம் அப்படி ஒன்று. 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுக்கு அனுமதியில்லாமல் நுழைந்ததே போதும், ஆறு மாதம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் வரை உண்டு. மேம்பாலப் படி ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைத் தாண்டுபவர் யாரையும் அவமதிக்க நினைக்கவில்லை, ஆனாலும் குற்றம். வனவிலங்கு சரணாலயங்களுக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் போவதும் இதே மாதிரி. ஆபத்து அந்த இடத்திலேயே இருப்பதால் மனசைத் தோண்டிப் பார்க்கும் வேலையைச் சட்டம் வைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே வந்தவனை அடிக்கலாமா?

தற்காப்பு உரிமை சொத்துக்கும் உண்டு, அத்துமீறலுக்கு எதிராகவும் உண்டு. ஆனால் அளவு உண்டு. வெறும் அத்துமீறல் என்றால் உயிர் போகும்படி செய்ய உரிமை இல்லை, தேவைக்கு மேல் ஒரு அடிகூட அந்த உரிமைக்குள் வராது. இரவில் வீடு உடைத்துப் புகுபவன் விஷயத்திலும், தடுக்காவிட்டால் உயிரோ உடம்போ போய்விடும் என்று நியாயமாக அஞ்சும்படி வீடு புகுபவன் விஷயத்திலும்தான் அந்த உரிமை உயிர் பறிக்கும் எல்லை வரை நீள்கிறது. மாந்தோப்பில் மாங்காய் பறித்த பையனை மரத்தில் கட்டி வைத்து அடித்துவிட்டு "எங்க தோப்புக்குள்ள வந்தான்" என்று சொல்பவர்கள், அவனைவிடப் பெரிய குற்றத்தைச் செய்திருப்பார்கள்.

புகார் எழுதும்போது

அடிப்படை அத்துமீறலும் வீடு புகுதலும் கோர்ட் அனுமதி இல்லாமலே போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றங்கள். இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை, இரண்டு தரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளவும் கூடியவை. உறவுக்காரர் சண்டையில் பழைய 448 தனியாக வராது, 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (அடித்தல்), 506(2) (கொலை மிரட்டல்) என்று ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே வரும். கேட்டதெல்லாம் வரட்டும் என்று எழுதிய புகார் பிறகு குறுக்கு விசாரணையில் உதிர்வதும் இதனால்தான்.

ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவது சகஜம். சில நேரம் அது தட்டிக்கழிப்பு, சில நேரம் உண்மையிலேயே சிவில்தான். வித்தியாசம் புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது. "என் நிலத்தில் நுழைந்தார்" என்பதோடு நின்றால் சிவில் வாசம்தான் வரும். எத்தனை வருஷமாக உங்கள் சுவாதீனம், அதற்குக் கரண்ட் பில்லோ அடங்கலோ வாடகை ஒப்பந்தமோ என்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு எந்த வழியாக வந்தார், என்ன வார்த்தை சொன்னார், வெளியே போகச் சொன்னீர்களா, அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதுதான் மூன்று துண்டையும் நிரப்பும்.

வெளியேற்றப்பட்டவருக்கு இன்னும் இரண்டு கதவுகள் உண்டு, இரண்டுக்கும் நேரக் கெடு இருக்கிறது. குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-வது பிரிவில், சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்ட 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருடையது என்ற கேள்விக்குள் போகாமலே சுவாதீனத்தைத் திரும்ப வாங்கலாம். தகராறு கைகலப்பாகும் நிலை என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145, இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164-வது பிரிவில், நிர்வாக நடுவரான கோட்டாட்சியர் விசாரித்து, யார் கையில் இருந்தது என்று மட்டும் பார்த்து உத்தரவு போடுவார். அங்கே கணக்கு 2 மாதம். அதற்குள் வன்முறையாக வெளியேற்றப்பட்டவரை, இன்னமும் உள்ளே இருப்பவராகவே அவர் எடுத்துக்கொள்ளலாம்.